ரோயிங் மெஷினில் இடைவெளிப் பயிற்சியை எழுதி வைப்பது எப்படி: ஓய்விலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இது: வீட்டில் கான்செப்ட்2 ரோயிங் மெஷின் (துடுப்பு வலிப்பதுபோல் இழுக்கும் பயிற்சி இயந்திரம்) வாங்கி ஆறு மாதம் ஆகிறது, வாரத்துக்கு இரண்டு நாள் இடைவெளிப் பயிற்சி, அதாவது கடுமையாக இழுப்பதும் ஓய்வெடுப்பதும் மாறி மாறி வரும் பயிற்சி, நடக்கிறது, ஆனால் நோட்டில் எதை எழுதுவது என்று தெளிவில்லை. ஓய்வின்போது மெதுவாக இழுத்த மீட்டர்களைச் சேர்க்க வேண்டுமா, சராசரியை எப்படிப் போடுவது, இதுவரை "4000 மீ, 15:44" என்ற அளவில் மட்டும் எழுதிய பழைய பதிவுகளை என்ன செய்வது?

முதலில் நேரான விடைகளைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு மீட்டர்களை எழுத வேண்டும், ஆனால் உழைப்பு மீட்டர்களோடு கூட்டக்கூடாது. சராசரி என்பது உழைத்த மொத்த நேரத்தை உழைத்த மொத்தத் தூரத்தால் வகுத்து வருவது, ஒவ்வொரு சுற்றின் வேகத்தையும் கூட்டி எண்ணிக்கையால் வகுப்பது அல்ல. பழைய பதிவுகளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே காரணம்தான் இருக்கிறது: அடுத்த முறை அதே பயிற்சியைச் செய்ய உட்காரும்போது எந்த வேகத்தில் தொடங்க வேண்டும் என்பதை இன்று எழுதும் வரி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெறும் வரவுக் கணக்குதான்.

ஓய்வின் நீளத்தை எழுதாத பதிவு, வட்டி விகிதம் எழுதாத கடன் பத்திரத்தைப் போன்றது. தொகை தெரியும், கனம் தெரியாது. எட்டு முறை 500 மீட்டரை 1:58 வேகத்தில் (அதாவது 500 மீட்டருக்கு 1 நிமிடம் 58 நொடி) இழுத்தேன் என்கிறீர்கள். இடையில் மூன்றரை நிமிடம் ஓய்வு எடுத்திருந்தால் அது 2000 மீட்டர் போட்டிக்கான வேகப் பயிற்சி. ஒரே நிமிடம் ஓய்வு எடுத்திருந்தால் அதே எண் மிகக் கடுமையான வேறொரு பயிற்சியின் விளைவு. ஏழு நிமிடம் எடுத்திருந்தால் நீங்கள் இன்னும் வேகமாக இழுத்திருக்க வேண்டும் என்பதற்கான சாட்சி. மூன்று நாட்களிலும் நோட்டில் இருப்பது "4000 மீ, 15:44" மட்டுமே என்றால், மூன்று மாதம் கழித்து அந்த வரிகளைப் பார்க்கும் உங்களுக்கே எது எந்தப் பயிற்சி என்று தெரியாது.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு சிறு விலகல். ஜிம்மில் பலரும் உழைக்கும் பகுதியையே 'இன்டர்வெல்' என்கிறார்கள். "எட்டு இன்டர்வெல் முடித்தேன்" என்பதுதான் வழக்கம். ஆனால் 1930-களில் ஜெர்மனியில் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹெர்பெர்ட் ரைண்டெலும் இந்த முறையை வகுத்தபோது, அந்தச் சொல் குறித்தது ஓட்டத்தை அல்ல, இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் உள்ள ஓய்வை. ஓட்டம் இதயத் துடிப்பை ஏற்றும், இதயத்துக்கான பயன் துடிப்பு இறங்கும் அந்தச் சிறு இடைவேளையில்தான் விளைகிறது என்பது அவர்கள் கருத்து. துடிப்பு 120-க்கு இறங்கியதும் அடுத்த ஓட்டம் தொடங்கும், ஒன்றரை நிமிடத்துக்குள் இறங்காவிட்டால் ஓட்டம் அதிகக் கடுமையாக இருந்தது என்று பொருள். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939-இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1:46.6-இல் ஓடி முடித்தார். பயன் முழுக்க ஓய்வில்தான் இருக்கிறது என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் 'இடைவெளி' என்ற நம்முடைய சொல் அந்தப் பழைய பொருளை அப்படியே வைத்திருக்கிறது. இடைவெளிப் பயிற்சியில் இடைவெளியை எழுதாமல் விடுவது எப்படிச் சரியாகும்? குழப்பம் வராமல் இருக்க, உழைக்கும் பகுதியைச் 'சுற்று' என்றும், நடுவில் உள்ளதை 'ஓய்வு' என்றும் இந்தப் பதிலில் எழுதுகிறேன்.

இப்போது என் நோட்டிலிருந்து ஒரு பதிவை அப்படியே தருகிறேன்.

8×500 மீ / ஓய்வு 3:30 / டிராக் 118
இலக்கு 1:58.4
1:58.4, 1:58.2, 1:58.5, 1:58.1, 1:58.6, 1:58.3, 1:58.4, 1:55.5
உழைப்பு 4000 மீ, 15:44.0, சராசரி 1:58.0, ஸ்ட்ரோக் ரேட் 28 (கடைசிச் சுற்று 31)
ஓய்வு மீட்டர் 2450
துடிப்பு: 7-ஆம் சுற்று முடிவில் 172, ஓய்வு முடிவில் 121
ஆறாவதில் முதுகு வளைந்தது. அடுத்த இலக்கு 1:58.0

முதல் வரியில் பயிற்சியின் பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்குள்ளேயே ஓய்வும் இருக்கிறது. "8×500" என்ற பயிற்சி என் நோட்டில் கிடையாது. "8×500 / 3:30" உண்டு, "8×500 / 2:00" உண்டு, அவை இரண்டும் வெவ்வேறு பயிற்சிகள், ஒன்றின் எண்ணை மற்றொன்றோடு நான் ஒப்பிடுவதில்லை. ஓய்வை மாற்றினால் பயிற்சியின் பெயரே மாறிவிடும் என்ற இந்த ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது வரியில் உள்ள இலக்கு, போன முறை இதே பயிற்சியில் கிடைத்த சராசரி. இது என் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தைச் சேர்ந்த பீட் மார்ஸ்டன் வகுத்து, வீட்டில் ரோயிங் செய்வோரிடையே 'பீட் பிளான்' என்ற பெயரில் பரவிய திட்டத்தின் விதி. போன முறை வந்த சராசரியைக் கடைசிச் சுற்று தவிர மற்ற எல்லாச் சுற்றுகளிலும் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசிச் சுற்றில் மட்டும் முடிந்தவரை வேகமாக இழுக்கலாம். கடைசிச் சுற்றில் கிடைக்கும் லாபம் மொத்தச் சராசரியைச் சற்றே குறைக்கும், அந்தப் புதிய சராசரி அடுத்த முறைக்கான இலக்காகும். மேலே உள்ள பதிவில் ஏழு சுற்றுகள் 1:58.4-ஐ ஒட்டியே நிற்கின்றன. கடைசிச் சுற்றின் 1:55.5, சராசரியை 1:58.0-க்குக் கொண்டுவந்தது. 0.4 நொடி அற்பம்போலத் தோன்றும். ஆனால் பதிவு ஒழுங்காக இருந்தால்தான் அந்த அற்பம் கண்ணுக்குத் தெரியும், இரண்டு மூன்று மாதங்களில் அது சேர்ந்து வருவதும் தெரியும். இலக்கைப் பயிற்சிக்கு முன்பே எழுதிவிடுங்கள். முடித்த பிறகு எழுதப்படும் இலக்கு, அம்பு பட்ட இடத்தைச் சுற்றி வட்டம் வரைவது.

ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் தனித்தனியாக எழுதுவது வீண்வேலை என்று ஆரம்பத்தில் நானும் நினைத்தேன், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வெறும் சராசரியை மட்டும் எழுதி வந்தேன். பிறகு ஒருநாள் மானிட்டரின் நினைவகத்தில் இருந்த பழைய பயிற்சிகளைத் திறந்து பார்த்தபோது, ஒரே சராசரி கொண்ட இரண்டு நாட்களில் ஒன்றில் சுற்றுகள் சீராக இருந்தன, மற்றொன்றில் முதல் இரண்டு சுற்றுகளில் பாய்ந்துவிட்டு ஐந்தாவதிலிருந்து நான் சரிந்திருந்தேன். சராசரி இரண்டையும் ஒன்றாகக் காட்டியது. முதலாவது நாள் அடுத்த முறை வேகத்தைக் கூட்டலாம் என்று சொல்கிறது. இரண்டாவது, தொடக்க வேகத்தைக் குறை என்று சொல்கிறது. எட்டு எண்களை எழுத அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்து ஒன்றரை ஆண்டுப் பாடத்தை இழந்தேன்.

சராசரிக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன. எல்லாச் சுற்றுகளும் ஒரே தூரமாக இருந்தால் வேகங்களைக் கூட்டி வகுத்தாலும் விடை சரியாகவே வரும். சுற்றுகளின் தூரம் மாறும்போதுதான் கணக்கு வழுக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த மைக் காவிஸ்டனின் 'வுல்வரின் பிளான்' வழியாகப் பரவலாக அறியப்பட்ட ஏணிப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: 250, 500, 750, 1000, 750, 500, 250 மீட்டர். ஒவ்வொரு 250 மீட்டர் உழைப்புக்கும் ஒன்றரை நிமிட ஓய்வு என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது 500-க்குப் பின் மூன்று நிமிடம், 1000-க்குப் பின் ஆறு நிமிடம். ஒருவர் இவற்றை முறையே 1:50, 1:53, 1:56, 2:00, 1:57, 1:53, 1:46 என்ற வேகங்களில் முடித்தார் என்போம். ஏழையும் கூட்டி ஏழால் வகுத்தால் 1:53.6 வரும். ஆனால் அவர் உழைத்த நேரம் 15 நிமிடம் 23.5 நொடி, தூரம் 4000 மீட்டர். உண்மையான சராசரி 1:55.4. இரண்டு சிறிய சுற்றுகளின் வேகத்துக்கு, அவற்றைப்போல் நான்கு மடங்கு நீளமுள்ள 1000 மீட்டருக்குத் தந்த அதே எடையைத் தந்ததால் ஏறத்தாழ இரண்டு நொடி பொய்யாகக் குறைந்தது. அடுத்த முறை 1:53.6-ஐ இலக்காக வைத்துக்கொண்டு தொடங்கினால் நடுவில் வரும் 1000 மீட்டரிலேயே கைப்பிடியை வைத்துவிட்டு எழுந்துவிடுவீர்கள். மானிட்டர் தரும் மொத்தச் சராசரி சரியான முறையில் கணக்கிடப்பட்டதுதான். அதை அப்படியே எடுத்து எழுதினால் போதும், மனக்கணக்கு வேண்டாம்.

நேரத்தால் வரையறுத்த சுற்றுகளில், உதாரணமாக மூன்று நிமிட ஓய்வுடன் நான்கு முறை நான்கு நிமிடம் இழுக்கும்போது, எழுத வேண்டியது ஒவ்வொரு சுற்றிலும் கடந்த தூரம். வேகத்தைவிடத் தூரம்தான் அங்கே தெளிவாகப் பேசும்: 1000, 1000, 960, 960 என்று எழுதியிருந்தால் மூன்றாவது சுற்றில் சரிந்தது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

ஓய்வு மீட்டரை உழைப்போடு கூட்டினால் என்ன நடக்கும் என்பதை மேலே தந்த என் பதிவிலேயே பார்க்கலாம். உழைப்பு 4000, ஓய்வில் மெதுவாக இழுத்தது 2450, மொத்தம் 6450 மீட்டர். இந்தத் தூரத்துக்கு எதிரே உழைப்பு நேரமான 15:44-ஐ மட்டும் வைத்தால் 500 மீட்டருக்கு 1:13.2 என்ற வேகம் வருகிறது. ஆஸ்திரேலிய ஒலிம்பிக் வீரர் ஜாஷுவா டன்க்லி-ஸ்மித் 2018-இல் 2000 மீட்டரை 5:35.8-இல் முடித்தபோது அவருடைய வேகமே 1:23.95, அவரைவிடப் பத்து நொடி வேகமாக, அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட தூரத்தை என் நோட்டில் நான் கடந்திருப்பேன். மாறாக ஏழு ஓய்வுகளின் நேரமான 24 நிமிடம் 30 நொடியையும் சேர்த்தால் வேகம் 3:07 ஆகிவிடும், அதைப் பார்த்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே இரண்டும் இரண்டு கட்டங்களில் இருக்கட்டும். கான்செப்ட்2-இன் இணையப் பதிவேட்டிலும் இடைவெளிப் பயிற்சிக்கு உழைப்பு நேரம், உழைப்புத் தூரம், ஓய்வுத் தூரம் எல்லாம் தனித்தனியாகவே இருக்கின்றன. வேகம் உழைப்பை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுகிறது.

அப்படியானால் ஓய்வு மீட்டரை எழுதவே வேண்டுமா என்றால், வேண்டும். மூன்றரை நிமிடம் சறுக்கு இருக்கையில் குனிந்து உட்கார்ந்து மூச்சு வாங்கியவரும், ஒரு நிமிடம் கழித்து மெல்ல இழுக்கத் தொடங்கியவரும் ஒரே ஓய்வை எடுத்தவர்கள் அல்ல. மெல்ல இழுத்தவருக்கு இரத்தத்தில் சேர்ந்த லாக்டேட் விரைவாகக் குறையும், அடுத்த சுற்றின் தொடக்கமும் விறைப்பில்லாமல் இருக்கும். ஓய்வு மீட்டர் 2450-இலிருந்து 900-க்கு விழுந்த நாளில் வேகம் அப்படியே இருந்தாலும் நீங்கள் அன்று அதிகம் களைத்திருந்தீர்கள் என்பதை அந்த எண் காட்டிக்கொடுக்கும். அதோடு, சுற்று முடிந்த பிறகும் ஃப்ளைவீல் (இழுக்கும்போது சுழலும் சக்கரம்) சிறிது நேரம் சுழன்றுகொண்டே இருப்பதால், கைப்பிடியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாலும் சில மீட்டர்கள் ஓய்வுக் கணக்கில் ஏறும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

இந்தச் சுழற்சி மற்றொரு முனையில் ஒரு சிறு நியாயக் கேள்வியை எழுப்புகிறது. முதல் சுற்று, நின்றிருக்கும் ஃப்ளைவீலைக் கிளப்பித் தொடங்குவது. அடுத்த சுற்றுகளிலோ ஓய்வு நேரம் பூஜ்யத்தை அடைவதற்குச் சில நொடிகள் முன்பே ஓங்கி இழுத்து ஃப்ளைவீலைச் சுழலவிட்டு, ஓடும் வண்டியில் ஏறுவதுபோலச் சுற்றுக்குள் நுழையலாம். அந்த இழுப்புகள் ஓய்வு மீட்டரில் சேரும், பலன் சுற்றின் நேரத்தில் சேரும். 500 மீட்டரில் இதனால் கிடைக்கும் லாபம், மேலே சொன்ன 0.4 நொடியைத் தாராளமாக விழுங்கிவிடக்கூடியது. எது சரி என்பதில் எனக்குப் பிடிவாதம் கிடையாது; நான் எப்போதும் பூஜ்யத்தில் முதல் இழுப்பை வைக்கிறேன். நீங்கள் சுழலவிட்டுத் தொடங்குபவர் என்றால் எப்போதும் அப்படியே தொடங்குங்கள், நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதியும் வையுங்கள்.

இந்த எண்கள் எல்லாம் தானாகப் பதிவாக வேண்டுமானால் பயிற்சியை மானிட்டரில் முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும். 'ஜஸ்ட் ரோ' என்பதை அழுத்திவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஓய்வெடுத்தால், இயந்திரத்துக்கு உழைப்பும் ஓய்வும் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே நீண்ட பயணமாக எடுத்துக்கொண்டு சமமான துண்டுகளாக வெட்டிவிடும், பிறகு அதிலிருந்து சுற்றுகளைப் பிரித்தெடுக்க முடியாது. பிஎம்5 மானிட்டரில் தூரம், நேரம், சுற்றுக்குச் சுற்று மாறுவது என்று இடைவெளிப் பயிற்சிக்கே தனி வகைகள் உள்ளன. ஏணிப் பயிற்சிக்குக் கடைசி வகை. ஒரே அளவான சுற்றுகளை அமைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் எட்டுச் சுற்று என்று மனதில் வைத்திருப்பது இயந்திரத்துக்குத் தெரியாது, ஓய்வு முடிந்ததும் ஒன்பதாவதைத் தொடங்கிவிடும். எட்டாவது முடிந்து, அதன் ஓய்வு ஓடிக்கொண்டிருக்கும்போதே மெனு பொத்தானை அழுத்தி முடித்துவிடுங்கள். தண்ணீர் குடிக்க எழுந்துபோய்த் திரும்பி வந்தால் அரைகுறையான ஒன்பதாவது சுற்று சராசரியைக் கெடுத்து வைத்திருக்கும். உடலைச் சூடாக்க முதலில் இழுக்கும் 2000 மீட்டரையும் இந்தப் பயிற்சிக்குள் ஒரு சுற்றாக அமைக்காதீர்கள். அது தனிப் பதிவு.

டிராக் ஃபேக்டர் ஏன் முதல் வரியிலேயே இருக்கிறது? பக்கவாட்டில் 1 முதல் 10 வரை நகரும் டாம்பர் கைப்பிடி, ஃப்ளைவீல் கூண்டுக்குள் எவ்வளவு காற்று நுழையலாம் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. கூண்டின் சல்லடையில் தூசி அடைத்துக்கொண்டால் 5-இல் வைத்தாலும் உள்ளே போகும் காற்று குறையும். ஆறு மாதம் துடைக்காத என் இயந்திரத்தில் அதே 5, 118-இலிருந்து 104-க்கு இறங்கியிருந்தது. இழுப்புகளுக்கு நடுவில் ஃப்ளைவீல் எவ்வளவு விரைவாக வேகம் இழக்கிறது என்பதை மானிட்டர் அளந்து தருவதே டிராக் ஃபேக்டர். வேகக் கணக்கில் இந்த வேறுபாடு ஏற்கெனவே சரிசெய்யப்பட்டுவிடுவதால் உங்கள் 1:58 எந்த டிராக்கிலும் 1:58-தான். ஆனால் கால்களுக்கும் முதுகுக்கும் அது ஒரே பயிற்சி அல்ல. டாம்பர் எண்ணை எழுதுவதால் பயனில்லை, டிராக்கை எழுதுங்கள். மெனுவில் 'மோர் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குள் போய்ச் சில முறை இழுத்தால் எண் தெரியும்.

ஸ்ட்ரோக் ரேட்டை எழுதுவதும் இதே போன்றதுதான். 1:58 வேகத்தை நிமிடத்துக்கு 28 இழுப்பில் எட்டினால் ஒரு இழுப்புக்கு ஏறத்தாழ 9.1 மீட்டர், 26-இல் எட்டினால் 9.8 மீட்டர். வேகம் மாறாமல் ரேட் மட்டும் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனால், கால்களின் உந்துதல் குறைந்து, அந்தக் குறையை அவசரத்தால் ஈடுகட்டுகிறீர்கள்.

வாட்டை எழுத வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. மானிட்டர் வேகத்திலிருந்து வாட்டைக் கணக்கிடும் சூத்திரம் எளியது: ஒரு மீட்டருக்கு ஆன நொடிகளை அதே எண்ணால் இருமுறை பெருக்கி (மும்மடி), 2.80-ஐ அதனால் வகுக்க வேண்டும். 1:58 என்றால் மீட்டருக்கு 0.236 நொடி, ஆகவே 213 வாட். மும்மடி என்பதால் ஒரு நொடியின் விலை எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. 1:58-இலிருந்து 1:57-க்குப் போக ஐந்தரை வாட் கூடுதலாக வேண்டும், 1:45-இலிருந்து 1:44-க்குப் போக ஏறத்தாழ ஒன்பது வாட் வேண்டும். முன்னேற்றம் மந்தமாகிவிட்டதே என்று வருந்துபவர்களுக்கு இது ஓரளவு ஆறுதல். ஆனால் சுற்றுகளின் வாட்டைச் சராசரி போடும்போது ஒரு பொறி இருக்கிறது. 1000 மீட்டர் சுற்றுகள் இரண்டை, ஒன்றை 1:50-இலும் மற்றொன்றை 2:10-இலும் முடித்தால், சராசரி வேகம் 2:00, அதற்குரிய வாட் 202.5. தனித்தனி வாட்டுகளான 263-ஐயும் 159-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 211 வருகிறது. பாய்ந்து சரிந்தவருக்கு இந்த முறை பரிசு கொடுக்கிறது. நான் வேகத்தை மட்டுமே எழுதுகிறேன். வாட் தேவைப்படும்போது சராசரி வேகத்திலிருந்து கணக்கிடுகிறேன். கலோரியை இந்தப் பயிற்சிக்கான அளவுகோலாகக் கொள்ளவே வேண்டாம்: மானிட்டர் மணிக்கு 300 கலோரியை அடிப்படையாகச் சேர்த்துக்கொண்டுதான் கணக்கிடுகிறது, ஆகவே வாட் இரண்டு மடங்கானாலும் கலோரி இரண்டு மடங்காகாது.

துடிப்பைப் பொறுத்தவரை, மொத்தப் பயிற்சியின் சராசரித் துடிப்பு இடைவெளிப் பயிற்சியில் பொருளற்றது, ஏனென்றால் ஓய்வில் இறங்கியதும் சுற்றில் ஏறியதும் அதில் கலந்துவிடுகின்றன. சுற்றின் முதல் அரை நிமிடத்தில் துடிப்பு உழைப்புக்குப் பின்னால் இழுபட்டே வரும் என்பதால் சுற்றின் சராசரியும் அவ்வளவாக உதவாது. சுற்றின் முடிவில் எவ்வளவு, ஓய்வின் முடிவில் எவ்வளவு என்ற இரண்டு எண்கள் போதும், அவையும் ஒரே ஒரு சுற்றுக்கு. நான் கடைசிக்கு முந்தையதை எடுக்கிறேன், கடைசிச் சுற்று வேறு வகை என்பதால். அதே வேகம், அதே ஓய்வு, ஆனால் இறக்கம் 172-இலிருந்து 121-க்குப் பதிலாக 136-இலேயே நின்றுவிட்டது என்றால், தூக்கமோ காய்ச்சலோ வெயிலோ ஏதோ ஒன்று காரணம். சென்னையில் மே மாதத்தில் மின்விசிறிக்கு அடியில் இழுப்பவர் அறையின் வெப்பநிலையை எழுதி வைப்பது மிகையல்ல. அதே பயிற்சி டிசம்பரில் வேறு பயிற்சி.

பாதியில் நின்றுபோன நாளை எப்படி எழுதுவது என்பதைப் பலர் கேட்பதில்லை, ஏனென்றால் அதை எழுதுவதே இல்லை. "8×500 / 3:30, 6 சுற்று, ஏழாவதில் 300 மீட்டரில் நிறுத்தம்" என்று எழுதுங்கள். அதை "6×500" என்று பெயர் மாற்றி வெற்றியாக்கிவிடாதீர்கள். எட்டு என்று நினைத்துத் தொடங்கிய ஆறும், ஆறு என்றே தொடங்கிய ஆறும் ஒன்றல்ல. அந்த நாளின் சராசரியை அடுத்த இலக்காகக் கொள்ளவும் கூடாது, அதற்கு முந்தைய முழுப் பயிற்சியின் சராசரியே இலக்காக நிற்கும்.

இந்த எண்களிலிருந்து 2000 மீட்டர் நேரத்தை ஊகிக்க முடியுமா என்றால், மற்றவர்களின் வாய்ப்பாடுகளைக் கொண்டு ஊகிக்காதீர்கள். தூரம் இரண்டு மடங்கானால் 500 மீட்டருக்கான நேரம் ஐந்து நொடி கூடும் என்ற பழைய கணக்கு, இடைநில்லாமல் இழுத்த தூரங்களுக்கானது. இடையில் ஓய்வெடுத்த 500-ஐ அதில் போட்டால் வரும் விடை உங்களை ஏமாற்றும். இதே காரணத்தால்தான் இணையப் பதிவேட்டின் தரவரிசையிலும் இடைவெளிப் பயிற்சியை நுழைக்க முடிவதில்லை. அங்கே இடைநில்லாத முயற்சிகளுக்கு மட்டுமே இடம். பருவத்துக்கு இரண்டு முறை உண்மையான 2000 மீட்டர் சோதனை செய்து, அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் கிடைத்த 4×1000 அல்லது 8×500 சராசரியைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். நான்கைந்து சோதனைகளுக்குப் பிறகு இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் ஓரளவு நிலைத்த எண்ணாகிவிடும். அது உங்கள் உடலுக்கு மட்டும் உரிய வாய்ப்பாடு.

கடைசியாக, உங்கள் பழைய ஆறு மாதப் பதிவுகள். இணையப் பதிவேட்டின் பருவம் மே 1-இல் தொடங்கி ஏப்ரல் 30-இல் முடிவதால், அடுத்த மே மாதம் புதிதாகத் தொடங்கலாம் என்று தள்ளிப்போடத் தோன்றும், தள்ளிப்போடாதீர்கள். முதலில் மானிட்டரின் நினைவகத்தைத் திறந்து பாருங்கள். முன்கூட்டியே அமைத்துச் செய்த பயிற்சிகளாக இருந்தால் சுற்றுகளின் நேரங்களும், ஓய்வின் நீளமும், தனியாகக் காட்டப்படும் ஓய்வு மீட்டரும் அங்கேயே இருக்கும், தேதியை வைத்து நோட்டில் சேர்த்துவிடலாம். 'ஜஸ்ட் ரோ'-வில் செய்தவற்றுக்கு மீட்பு கிடையாது. அவற்றின் எதிரே "ஓய்வு தெரியாது" என்று எழுதுங்கள். அநேகமாக இரண்டு நிமிடமாக இருந்திருக்கும் என்று ஊகித்து எழுதாதீர்கள், ஒரு மாதம் கழித்து அந்த ஊகமே உண்மையான பதிவுபோல உங்களைப் பார்க்கும். வரும் வாரம் 8×500 / 3:30-ஐ மானிட்டரில் அமைத்து, இலக்கு எதுவும் இல்லாமல், எட்டுச் சுற்றையும் ஒரே சீராக முடிக்கக்கூடிய வேகத்தில் ஒருமுறை செய்யுங்கள். அந்தச் சராசரிதான் உங்கள் முதல் இலக்கு.